உறைமோருக்குள் ஒரு கூட்டுறவு



ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் என்றால் இரண்டு வகைப் பால். ஒன்று மரத்துப் பால். மற்றொன்று மாட்டுப் பால். மரத்தைச் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய், தண்ணீர் கலந்து அளவாக ஆசிட் ஊற்றினால் மரத்துப் பால் உறைந்து கட்டியாகிறது. மாட்டுப் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி மூடி வைத்தால் அது தயிராக உறைகிறது. ஊருக்கு ஊர் சொல் மாறும். சிலர் உறை ஊற்றுவது என்பார்கள்; சிலர் பிரை குத்துவது என்பார்கள். செய்கை ஒன்றுதான்.

முன்னாளில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் லயத்துக்குப் பக்கத்திலேயே மாடு வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த அந்த மாடுகளின் வழிவந்த இனத்தை மலேசியாவில் 'உள்நாட்டு இந்தியப் பால்மாடு' என்று குறிப்பிடுகிறார்கள். மலாய் மொழியிலும் 'தைரு' என்ற சொல் நம் தயிரிலிருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. அவ்வளவு பழைய பொருள் இது. ஆனாலும் ஒரே வீட்டில், ஒரே பானையில், ஒரு நாள் தயிர் கத்தியால் வெட்டலாம் போல உறைகிறது; மறுநாள் தண்ணீராக நிற்கிறது. காரணம் கேட்டால், "கைராசி" என்று சொல்லிவிடுகிறோம். கைராசிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை இன்று பார்ப்போம். அதற்கு அமினோ அமிலங்கள் என்னும் சின்னஞ்சிறு சத்துப் பொருள்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், பால் ஏன் உறைகிறது? மரத்துப் பாலில் ரப்பர்த் துகள்கள் மிதக்கின்றன. மாட்டுப் பாலில் கேசீன் என்னும் புரதத் துகள்கள் மிதக்கின்றன. இரண்டிலும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலக்கிக்கொண்டே இருப்பதால்தான் பால் நீராக இருக்கிறது. புளிப்புச் சேர்ந்தால் இந்தத் தள்ளும் தன்மை அடங்கிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பால் கட்டியாகும். ஸ்டோரில் ஆசிட்டை மனிதர் ஊற்றுகிறார். அடுப்படியில் யார் ஊற்றுகிறார்கள்? உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் என்னும் நுண்கிருமிகள்தாம். அவை பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலம் என்னும் புளிப்பை வெளிவிடுகின்றன.

கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கெடுக்கும் கிருமி உண்டு. உழைத்துக் கொடுக்கும் கிருமியும் உண்டு. தயிர்க் கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி ஐரோப்பாவில் பல்கேரியா நாட்டுத் தயிரிலிருந்து தொடங்கியது. 1905-ஆம் ஆண்டு ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் ஜெனீவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, தம் நாட்டுத் தயிரில் கோல் போன்ற உருவமுள்ள ஒரு கிருமியைக் கண்டறிந்தார். பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய மெச்னிக்கோவ் என்ற புகழ்பெற்ற அறிஞர் தயிரின் நன்மையைப் பற்றி எழுதியும் பேசியும் அதை உலகறியச் செய்தார். இந்தக் கோல் கிருமிக்கு அந்த நாட்டின் பெயரையே சேர்த்து லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ் என்கிறார்கள். இதனோடு சேர்ந்து வேலை செய்யும் மற்றொரு கிருமி உருண்டை வடிவானது. மணி கோத்தாற்போல் வரிசையாக இருக்கும். அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். இந்த நீண்ட பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோல் கிருமி, உருண்டைக் கிருமி என்று வைத்துக்கொள்வோம்.

கடையில் டப்பாவில் விற்கும் யோகர்ட் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யப்படுவது. நம் வீட்டு உறைமோரில் இவற்றோடு, அல்லது இவற்றுக்குப் பதிலாக, இவற்றின் உறவுக்காரக் கிருமிகள் பலவும் இருக்கும். ஆனால் நாம் இன்று பேசப்போகும் பசி எல்லாவற்றுக்கும் பொதுவானது.

அது என்ன பசி? ஒரு வீடு கட்ட வேண்டுமானால் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். சுவர் எழுப்பக் கல்லும் வேண்டும். கிருமிக்கும் இரண்டும் வேண்டும். பாலில் உள்ள சர்க்கரை அதற்கு வேலை செய்யத் தெம்பு கொடுக்கிறது. அது தாராளமாக இருக்கிறது. ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம். ஆனால் ஒரு கிருமி இரண்டாகப் பெருக வேண்டுமானால் இன்னோர் உடல் கட்டியாக வேண்டும். ஈரம் நீக்கிப் பார்த்தால், கிருமியின் உடலில் ஏறக்குறைய பாதி புரதம். புரதம் கட்டும் கற்களே அமினோ அமிலங்கள்.

புரதத்தை ஒரு மணிமாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கோத்த ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். புரதங்களில் 20 வகை மணிகள் இருக்கின்றன. பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டால், அது 209 மணிகள் கொண்ட நீண்ட மாலை. கிருமி மிகச் சிறியது. இவ்வளவு நீளமான மாலையை அப்படியே விழுங்க அதனால் முடியாது. தனி மணியாக இருந்தால் உள்ளே எடுத்துக்கொள்ளும். சில மணிகள் சேர்ந்த சிறு துண்டாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 33 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். ஆனால் கோக்காத தனி மணிகளாக, கிருமி உடனே உண்ணத்தக்க அமினோ அமிலங்களாக இருப்பவை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நெல் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. குத்திக் கொடுக்க உலக்கை இல்லை. அதுதான் பாலுக்குள் விழுந்த கிருமியின் நிலை. நிறைந்த வீட்டில் பட்டினி.

இந்தப் பட்டினியை அது எப்படித் தீர்த்துக்கொள்கிறது என்பதில்தான் தயிரின் சூட்சுமம் இருக்கிறது.

உறை ஊற்றியதும் முதலில் முந்துவது உருண்டைக் கிருமி. பாலில் கிடக்கும் அந்தச் சிறிதளவு தனி மணிகளைப் பொறுக்கித் தின்று வேகமாகப் பெருகுகிறது. அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால், ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரத்துக்கு மேலாகிவிடும். ஆனால் அந்த வேகம் நீடிப்பதில்லை. பொறுக்கித் தின்ன மணிகள் தீர்ந்துவிடுகின்றன. உருண்டைக் கிருமி தானே பல அமினோ அமிலங்களைச் செய்துகொள்ளும் திறமை உள்ளதுதான். ஆயினும் எல்லாவற்றையும் தானே செய்வதென்றால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே அதன் வளர்ச்சி தேங்கி நிற்கிறது.

அந்த நேரத்தில் கைகொடுப்பது கோல் கிருமி. அதன் உடலின் வெளிச்சுவரில் கத்தரிக்கோல் போன்ற ஒரு நொதி இருக்கிறது. அது கேசீன் மாலையைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. கோல் கிருமிக்கு இந்தக் கத்தரி இல்லாமல் வாழ்க்கையே இல்லை. ஏனென்றால் பல அமினோ அமிலங்களைச் சொந்தமாகச் செய்யும் திறமையை அது இழந்துவிட்டது. ஆனால் நறுக்கியதெல்லாம் அதன் வாய்க்கே போய்ச் சேருவதில்லை. பாலில் சிதறும் துண்டுகளை உருண்டைக் கிருமியும் எடுத்துக்கொள்கிறது. தேங்கி நின்ற வளர்ச்சி மறுபடியும் வேகம் பிடிக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, உருண்டைக் கிருமியின் வளர்ச்சியில் ஓர் ஓட்டம், ஒரு தேக்கம், மீண்டும் ஓர் ஓட்டம் என்று இந்த மூன்று கட்டங்களும் தெளிவாகத் தெரிந்தன. உருண்டைக் கிருமிகளிலும் சில வகைகளுக்குச் சொந்தக் கத்தரி உண்டு. அவை தனியாகவே நன்றாக வளரும். ஆனால் பல வகைகளுக்குத் துணை வேண்டும்.

எந்த மணிக்காக இந்தப் பாடு? இந்தக் கேள்வியை நெதர்லாந்து நாட்டுப் பால்துறை ஆராய்ச்சியாளர்களான பெட்டே, லோல்க்கெமா என்ற இருவர் ஆராய்ந்து 1950-இல் எழுதினார்கள். வேலின் என்னும் அமினோ அமிலமே உருண்டைக் கிருமியை முக்கியமாகத் தூண்டுகிறது என்பது அவர்கள் முடிவு. பின்னால் வந்தவர்கள் ஹிஸ்டிடின், லியூசின், மெத்தியோனின், குளுட்டாமிக் அமிலம் முதலியவற்றையும் சேர்த்தார்கள். ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் வேறொன்றைச் சொல்வது ஏன்? கிருமியின் வகைக்குத் தக்கபடி அதற்குக் குறைவாக இருக்கும் மணி மாறுகிறது. பாலில் எது மிகக் குறைவோ, அதுவே வளர்ச்சிக்கு எல்லை கட்டுகிறது. பத்தொன்பது வகை மணி குவிந்து கிடந்தாலும், இருபதாவது மணி இல்லாவிட்டால் மாலை அந்த இடத்தில் அறுந்து நிற்கும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படப்போகிறது.

வாங்குகிற கை கொடுக்கவும் வேண்டும் அல்லவா? உருண்டைக் கிருமி சும்மா இருந்து தின்னவில்லை. அது பாலில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் குறைத்து, கோல் கிருமிக்குப் பிடித்த சூழலை உண்டாக்குகிறது. கரியமில வாயுவைக் கொடுக்கிறது. அத்துடன் ஓர் அமிலத்தையும் கொடுக்கிறது. அது எது என்று 1968-இல் அதே நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது ஃபார்மிக் அமிலம். நேயர்களே, இந்தப் பெயர் உங்களுக்குப் பழக்கமானதாயிற்றே! ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றும் அதே ஃபார்மிக் ஆசிட்தான். மரத்துப் பாலைக் கட்டியாக்கும் பொருள், மிக மிக நுண்ணிய அளவில், மாட்டுப் பாலில் கோல் கிருமிக்கு உணவாகிறது. தன் இனத்தைப் பெருக்கத் தேவையான மரபுப் பொருளைச் செய்ய அது கோல் கிருமிக்கு வேண்டியிருக்கிறது. அதற்காக யாரும் ஸ்டோர் ஆசிட்டை மாட்டுப் பாலில் தொட்டும் பார்க்கக் கூடாது. அது தோலையும் குடலையும் சுட்டுப் பொசுக்கிவிடும். கிருமி கொடுக்கும் அளவு வேறு; போத்தலில் இருக்கும் அளவு வேறு.

ஆக, ஒன்று மாலையை நறுக்கிக் கொடுக்கிறது. மற்றொன்று அமிலமும் வாயுவும் கொடுக்கிறது. தனித்தனியே விட்டால் இரண்டும் மெதுவாகத்தான் புளிக்கவைக்கும். சேர்த்து விட்டால் 42, 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் நான்கைந்து மணி நேரத்தில் தயிர் தயார். தயிரின் மணத்துக்கும் அமினோ அமிலம் ஒரு காரணம். திரியோனின் என்ற மணியைக் கிருமிகள் பிளக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற மணப்பொருள் பிறக்கிறது. யோகர்ட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனையில் பெரும்பங்கு அதனுடையது.

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. கத்தரி வேலை அதிகமாகிவிட்டால், நறுக்கப்பட்ட துண்டுகளில் சில கசக்கும். மறந்துபோய் நெடுநேரம் வெளியில் வைத்த தயிர் புளிப்பதோடு சில சமயம் கசப்பதற்கும் இது ஒரு காரணம்.

இனி அடுப்படிக்கு வருவோம். இதுவரை பார்த்ததை வைத்துக்கொண்டு தாய்மார்கள் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, பாலை நன்றாகக் காய்ச்சுங்கள். பொங்கியதும் இறக்கிவிடாமல், தணலைக் குறைத்துச் சில நிமிடம் கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். வேண்டாத கிருமிகள் மடியும். பாலில் கரைந்த பிராணவாயு வெளியேறும். மோர்ப்பகுதியில் உள்ள புரதங்கள் கேசீனோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் கெட்டியாகும்.

இரண்டாவது, சூடு. கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் கிருமி வெந்துவிடும். முற்றிலும் ஆறிப்போன பாலில் ஊற்றினால் சோம்பிப்போகும். சுத்தமான விரலுக்கு இதமான சூடு போதும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் போன்ற குளிரான இடங்களில் இருப்பவர்கள் பானையைக் கம்பளியால் சுற்றி வைத்தால் அந்தச் சூடு நிலைக்கும்.

மூன்றாவது, உறைமோர். இதில்தான் பலருடைய கைராசி போய்விடுகிறது. நாட்பட்டுப் புளித்த தயிரை உறைக்கு எடுத்தால் என்ன ஆகும்? உருண்டைக் கிருமி அதிகப் புளிப்பைத் தாங்காது. அது மெலிந்து குறைந்துபோகும். கோல் கிருமி மட்டும் மிஞ்சி நிற்கும். கூட்டாளியில் ஒருவர் இல்லை. அதனால் பால் உறையத் தாமதமாகும். உறைந்தாலும் புளிப்பு ஏறிவிடும். ஆகையால் முதல் நாள் உறைந்த, இனிப்பும் புளிப்புமான தயிரில் ஒரு பங்கைச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைப்பதும் சரியல்ல. அதுவும் கோல் கிருமியின் பக்கமே தராசைச் சாய்த்துவிடும். தயிர் உறைந்ததும் குளிர்ச்சியில் வைத்துவிட்டால் கிருமிகளின் வேலை அடங்கிவிடும்.

நான்காவது, எந்தப் பால்? மாட்டுப் பால் இல்லாதவர்கள் பால் மாவைக் கரைத்தும் தயிர் செய்யலாம். அதிலும் சர்க்கரையும் கேசீனும் இருக்கின்றன. டின்னில் வரும் இனிப்புப் பாலில் சீனி மிக அதிகம். அவ்வளவு சீனியில் கிருமியின் உடலில் உள்ள நீர் வெளியே இழுக்கப்பட்டு, அது செயலற்றுப் போகும். தயிருக்கு அது ஏற்றதல்ல.

ஐந்தாவது செய்தி மிக முக்கியமானது. மாட்டுக்கு மடிவீக்கம் கண்டு பென்சிலின் போன்ற மருந்து போட்டிருந்தால், அந்த மருந்து பாலிலும் இறங்கும். உருண்டைக் கிருமிக்குப் பென்சிலின் பரம எதிரி. மிகச் சிறிய அளவே அதை முடக்கிவிடும். பால் நல்ல பாலாகத் தோன்றும். காய்ச்சினாலும் மருந்து முழுவதும் அழிந்துவிடாது. தயிர் மட்டும் உறையாது. அந்த உறையாத பானை நமக்கு ஓர் எச்சரிக்கை. ஏனெனில், பென்சிலின் ஒவ்வாதவர்கள் அந்தப் பாலைக் குடித்தால் அவர்களுக்குத் தீங்கு வரலாம். கால்நடை மருத்துவர் இத்தனை நாள் பாலை எடுக்க வேண்டாம் என்று சொன்னால், அத்தனை நாளும் அதை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. ஒரு வாரப் பால் பணம் போகிறதே என்று மனம் கேட்காதுதான். ஆனால் அண்டை வீட்டுப் பிள்ளையின் உடல்நலம் அந்தப் பணத்தைவிடப் பெரிது.

அதுபோல, பிசுபிசுவென்று நூல் விடுகிற, நிறம் மாறிய, பூசணம் பூத்த தயிரை வீணாகிறதே என்று உண்ண வேண்டாம். அதிலிருந்து உறையும் எடுக்க வேண்டாம். வேண்டாத கிருமிகள் அந்த வீட்டில் குடியேறிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்போது, நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருவோம். மிகக் குறைவான மணியே வளர்ச்சிக்கு எல்லை கட்டுகிறது என்று கண்டோம். வளரும் பிள்ளையின் உடலுக்கும் இதே சட்டம்தான். இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதை நம் உடல் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். தயிர்க் கிருமி தேடிய வேலின், ஹிஸ்டிடின், லியூசின், மெத்தியோனின் ஆகிய நான்கும் அந்த ஒன்பதில் அடங்கும். அரிசிச் சோற்றில் லைசின் என்ற மணி குறைவு. பருப்பில் லைசின் உண்டு. ஆனால் மெத்தியோனின் குறைவு. சோற்றை மட்டும் வயிறு முட்டத் தின்றாலும், லைசின் போதாமல் பிள்ளையின் உடலில் மாலை அறுந்து நிற்கும். சோற்றோடு பருப்பைச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். சோற்றோடு தயிரைச் சேர்த்தாலும் அப்படியே. பால் புரதத்தில் லைசின் நிறைய உண்டு. மீனும் முட்டையும் தினமும் வாங்க முடியாத வீட்டிலும், ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு கரண்டி தயிரும் பிள்ளையின் தட்டில் இருந்தால், அந்தத் தட்டில் மணிகள் நிறைந்திருக்கும். ஆகவே சம்பள நாளில் சாமான் பட்டியல் போடும்போது அரிசிக்கு அடுத்த வரியில் பருப்பையும் பாலையும் எழுதுங்கள்.

இன்றிரவு உறை ஊற்றும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிண்ணங்களில் பாலை ஊற்றி, ஒன்றில் புதுத் தயிரும் மற்றொன்றில் நாட்பட்ட புளித்த தயிரும் உறையாக ஊற்றி வையுங்கள். எது முன்னால் உறைகிறது, எது அதிகம் புளிக்கிறது என்று காலையில் அவர்களே பார்த்துச் சொல்லட்டும். ஏன் என்று அவர்கள் கேட்டால், விடை சொல்ல உங்களுக்கு இப்போது தெரியும்.